ஆறு மூட்டை அரிசியும் ஒரு கிலோ சீனியும்

ஜொகூர் பாரு
8 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். நீயும் மனைவி ரோஹானாவும் மகள் நூர் ஃபாத்திஹாவும் பினாங்கில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று ஹைதர் கேலி செய்கிறான். என் மகனுக்கு என்ன தெரியும்? காது போன பிறகு போன் எனக்கு வெறும் பெட்டி. போன மாதம் நீ பேசியது பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. வாட்ஸப்பில் போட்டால் குடும்பக் குழுவில் நாற்பது பேர் படிப்பார்கள். ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். நீயும் பேனாவில்தான் பதில் எழுத வேண்டும்.

எனக்கு ஹஜ் அழைப்பு வந்துவிட்டது, கனி. கடிதத்தைப் பிரித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். உம்மா மவுத்தான வருடம் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் பெயர் பதிந்தோம். பதினாறு வருடம் காத்திருந்தாயிற்று. உனக்கும் வந்திருக்கும், உடனே எழுது. அடுத்த மே மாதம் நீயும் நானும் ஒரே விமானத்தில்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வந்துவிட்டேன். அறுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு இதயமா என்று டாக்டர் கேட்டார். எடை அறுபத்தொன்று. கல்யாணத்தன்று இருந்ததும் அதேதான்; நீ நம்பமாட்டாய். எல்லாம் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏரியால் வந்தது. தினமும் காலையில் ஆறு சுற்று நடக்கிறேன். இப்போது ஊதா அல்லி பூத்திருக்கிறது. ஒரு உடும்பு கல் மேல் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.

நீ எப்போது பரிசோதனைக்குப் போகிறாய்? தள்ளிப் போடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

துஆவுடன் உன் அக்கா,
ஹாஜரா


ஆயர் ஈத்தாம், பினாங்கு
21 செப்டம்பர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நாங்கள் மூவரும் இங்கே நலம். உங்கள் நலத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

எனக்கும் அழைப்பு வந்தது. அதற்கு அடுத்த வாரமே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சந்திரசேகரன் கையெழுத்துப் போடவில்லை, லாத்தா.

எடை நூற்றுப் பதின்மூன்று. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை இரண்டுமே மேலே. அதெல்லாம் எனக்குப் பழகிய செய்திதான். ஆனால் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். இரண்டாவது முறை பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "கனி அண்ணே, அங்க ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கணும், வெயில்ல. நான் சைன் பண்ணி அனுப்பினா உங்களைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க. ஜனவரியில வாங்க. நூத்தி ரெண்டுக்குக் கீழ வாங்க. அப்ப பார்க்கலாம்," என்றார்.

ஜனவரியிலும் ஆகவில்லை என்றால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நீங்கள் தனியாகப் போக வேண்டியிருக்கும்.

உணவு ஆலோசகர் ஒரு பெண், காமினி என்று பெயர். சாப்பிடுவதை எல்லாம் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒளிக்காமல் எழுதினேன். உங்களுக்கும் ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு கிளாஸ் தே தாரிக். மதியம் ஒரு பிளேட் சோறு, ஒரு துண்டு மீன். மாலையில் இரண்டு பிஸ்கட். இரவு சப்பாத்தி. இதில் எங்கே இருக்கிறது நூற்றுப் பதின்மூன்று? காமினியே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உடம்பு வாகு அப்படி என்று நினைக்கிறேன். நம் அத்தாவும் கனத்தவர்தானே.

அன்பு மறவாத தம்பி,
முகம்மது கனி


ஜொகூர் பாரு
1 அக்டோபர் 2025

அன்புத் தம்பி கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் இங்கே சுகம். உன் கடிதம் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மறுபடி படித்தேன். அப்போது சிரிப்பு வந்துவிட்டது.

ஏன்டா, நீ நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறாயா, தையல் கடையா? காலை ஆறு மணிக்கு அடுப்பு மேல் பதினொரு சட்டி கொதிக்கும். மீன் தலை, ஆட்டுக் குருமா, கணவாய், கோழி என்று வரிசையாக நின்று நீ ருசி பார்ப்பாய். அதுவும் கரண்டியில் நக்கிப் பார்க்கிற ஆளா நீ? ஒரு பிடி சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வாயில் போட்டால்தான் உனக்கு உப்புத் தெரியும். சட்டிக்கு ஒரு பிடி. சந்தேகம் வந்தால் இரண்டு பிடி. உன் தாளில் அது எங்கே?

அந்த காமினி பாவம், உன் கடை அடுப்படியைப் பார்த்த பிள்ளை இல்லை. நான் பார்த்தவள். ருசி பார்ப்பது சாப்பாடு இல்லை என்பது உங்கள் கடைச் சட்டம். உடம்புக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அத்தாவை இழுக்காதே. அத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நீ கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாய்.

இனி ஓர் ஒப்பந்தம். நான் தினமும் ஏரியைச் சுற்றி நடப்பேன், அதே நேரம் நீ அங்கே நட. மாதம் ஒரு கடிதத்தில் இருவரும் நடந்ததை எழுதுவோம். உண்மையை மட்டும் எழுத வேண்டும். ருசி பார்த்ததையும் சேர்த்து எழுது.

உனக்காகக் கையேந்தும் அக்கா,
ஹாஜரா


ஆயர் ஈத்தாம்
22 அக்டோபர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். நான் மட்டும் அவமானத்தில் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். எங்கள் ஃபிளாட்டில் சுகுமாரன் என்று ஒரு நண்பர், மெலிவுக் காப்பி விற்கிறார். சோற்றை விட்டுவிட்டு நான்கு நாள் அந்தக் காப்பியை மட்டும் குடித்தேன். மூன்று கிலோ இறங்கியது. ஐந்தாம் நாள் காலை மீன் தலைச் சட்டிக்கு முன்னால் கண் இருட்டி, கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. நான் இரண்டு அங்குலம் முன்னால் சாய்ந்திருந்தால் என் கையும் சட்டிக்குள்ளே போயிருக்கும். அன்று மதியம் பசி தாங்காமல் இரண்டு பிளேட், அதுவும் பஞ்சிர். எல்லாக் குழம்பும் சோற்றை மூழ்கடிக்கிற மாதிரி. மூன்று கிலோவும் ஒரே வாரத்தில் வீடு திரும்பிவிட்டது.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. ரோஹானாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை அவள் என் பக்கத்தில் ஒரு காலித் தட்டோடு வந்து நின்றாள். நான் ஒரு பிடி எடுத்தால் அவளும் ஒரு பிடி எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் ஊற்றிய குழம்பை அவளும் ஊற்றினாள். பதினொரு சட்டி முடிந்தபோது தட்டில் மலை. நம் கடைக்கு வருகிற கப்பல் பட்டறை ஆட்கள்கூட அவ்வளவு கேட்டதில்லை. ரோஹானா தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு முட்டைப் பொரியல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இருபத்தெட்டு வருடம், லாத்தா. காலை ஒன்பது மணிக்குள் இரண்டு ஆள் சாப்பாடு. அதன்பிறகு நான் பசியாறுவேன்.

இப்போது தேக்கரண்டியில்தான் ருசி பார்க்கிறேன். சோறு கிடையாது. முதல் மூன்று நாள் எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டிவிட்டேன். வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு நாக்கு படித்துக்கொண்டது. இன்று எடை நூற்றுப் பதினொன்று. கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கிறேன்.

பணிவன்புடன்,
கனி


ஜொகூர் பாரு
2 நவம்பர் 2025

அன்புத் தம்பி கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகமே உண்டாகட்டும்.

ரோஹானாவுக்கு என் முத்தம். நான் இரண்டு பக்கம் எழுதியதை அவள் ஒரு தட்டில் சொல்லிவிட்டாள்.

அந்தக் காப்பியைத் தூக்கிக் கடலில் போடு. ஒரு மாதத்துக்கு என்று எதையும் செய்யாதே, கனி. மவுத் வரைக்கும் உன்னால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் செய். சோற்றை விடாதே, தட்டைச் சின்னதாக்கு. குழம்பை ஓரத்தில் ஊற்று. தே தாரிக்கில் சீனி வேண்டாம். ஒரு வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். கார் நிறுத்துமிடம் போதாது. உன் வீட்டுக்கு மேலே அணைக்கட்டு இருக்கிறது, அந்த ஏற்றத்தில் ஏறு.

இன்று ஆறு சுற்று முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். உடும்புக்குப் பக்கத்தில் இன்று இன்னோர் உடும்பு. கல்யாணம் ஆகிவிட்டதாக்கும்.

அன்புடன் அக்கா,
ஹாஜரா


ஆயர் ஈத்தாம்
30 நவம்பர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். நீங்கள் நலமா? இதற்கு முன் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபமா? ஹைதரிடம் போனில் கேட்டேன். "உம்மா நல்லா இருக்காங்க மாமா," என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அவசரம் போலிருக்கிறது. பிறகு ஒரு நாள் வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்து கையசைத்தீர்கள். கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தது.

நூற்று ஏழு!

அணைக்கட்டுக்கு ஏறுகிறேன். முதல் நாள் மூன்றாவது வளைவில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயது சீனக் கிழவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது தோளைத் தட்டி "பெலான் பெலான்" என்றார். மெல்ல மெல்லப் போ என்று மலாயில் புத்தி சொல்லிவிட்டு அவர் மட்டும் வேகமாகப் போனார். இப்போது ஏழாவது வளைவு வரை நிற்காமல் போகிறேன். அங்கே நிற்கும்போது நீங்கள் நாலாவது சுற்றில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் பாதி நாள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கமாட்டேன். உண்மையை மட்டும் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
கனி


ஜொகூர் பாரு
16 டிசம்பர் 2025

அன்புத் தம்பி கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே ஓயாத மழை. ஹைதர் வேறு வீட்டுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று சாமான்களை இடம் மாற்றியதில் பேனா கிடைக்கவில்லை. மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், அதனால்தான் எழுத்துக் கோணல்.

நூற்று ஏழு என்று படித்தவுடன் அந்த இடத்தை மட்டும் நான்கு முறை படித்தேன்.

நானும் நடக்கிறேன். தினமும் ஆறு சுற்று. ஊதா அல்லி பூத்திருக்கிறது. உடும்பு அதே கல் மேல் படுத்திருக்கிறது.

நீ ஏழாவது வளைவைத் தாண்ட வேண்டும். அதற்கு மேலே தண்ணீர் தெரியும், காற்று அடிக்கும். ஒரு நாள்கூட விடாதே. நான் இங்கே நடந்துகொண்டிருக்கிறேன் என்பதை மறக்காதே.

துஆவுடன்,
ஹாஜரா


ஆயர் ஈத்தாம்
14 ஜனவரி 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை.

நூற்றொன்று! டாக்டர் சந்திரசேகரன் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாடிப்படியில் இரண்டு முறை ஏறச் சொன்னார், நான் மூன்று முறை ஏறினேன். "போதும் அண்ணே, என் படியைத் தேய்ச்சுடாதீங்க லா," என்று சிரித்தார். மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார். காமினி என் சாப்பாட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் 'ருசி: தேக்கரண்டி பதினொன்று' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

நேராகக் கடைக்கு வந்து எல்லோருக்கும் தே தாரிக் போட்டுக் கொடுத்தேன். நானும் ஒன்று குடித்தேன், சீனி போட்டு. ஒரு பிளேட் பஞ்சிரும் சாப்பிட்டேன். நான்கு மாதம் பட்ட பாட்டுக்கு ஒரு நாள் உரிமை இருக்கிறதல்லவா? இனி ஒரு வாரம் அணைக்கட்டுக்கும் விடுமுறை. முழங்கால் கெஞ்சுகிறது.

மே மாதம் விமானத்தில் ஜன்னல் சீட் உங்களுக்குத்தான். இதை நான் ஜெயித்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜொகூரில் ஒரு ஏரியைச் சுற்றி நடந்தவர் ஜெயித்தார் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகிழ்ச்சியில் மிதக்கும் தம்பி,
கனி


ஜொகூர் பாரு
10 பிப்ரவரி 2026

அன்புத் தம்பி கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் சளி, அதனால் தாமதம். இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். உம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். நான் ஹைதரிடம் மட்டும் சொன்னேன். காது கேட்காதவள் கத்திச் சொன்னதால் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் ஒரு வார விடுமுறை என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கையெழுத்து ஒரு தாளில்தான் இருக்கிறது. நடக்கப் போவது உன் கால். நோன்பு வருகிறது. பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு மக்ரிபுக்குப் பிறகு வட்டியும் முதலுமாகச் சாப்பிடாதே.

இன்னொன்று. மனிதர்களுக்கு எது வேண்டுமானாலும் நேரலாம். ஏதாவது காரணத்தால் மே மாதம் என்னால் வர முடியாமல் போனால், நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அங்கே எனக்காக துஆச் செய், அது போதும். இதை எனக்குச் சத்தியமாக எழுதி அனுப்பு.

ஆறு சுற்று நடக்கிறேன். ஊதா அல்லி பூத்திருக்கிறது. உடும்பு அதே கல் மேல் படுத்திருக்கிறது.

உன் நன்மையே நாடும் அக்கா,
ஹாஜரா


ஆயர் ஈத்தாம்
2 ஏப்ரல் 2026

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வார விடுமுறை ஐந்து வாரமாகிவிட்டது. நோன்பில் நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது, வட்டியும் முதலும். பெருநாள் காலை எடை நூற்று நான்கு. அன்று மதியம் கெத்துப்பாட்டுச் சோறும் ரெண்டாங் இறைச்சியும் மூன்றாவது முறையாகத் தட்டில் வைத்தேன். ஃபாத்திஹா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தா, போதும்லா."

"டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சும்மா. எல்லாம் முடிஞ்சிருச்சு."

உடனே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மாமி யாருக்காக அத்தா அப்படி எழுதுறாங்க? அவங்க நடக்கலத்தா. நவம்பர்லேருந்து நடக்கல. குளியலறையில விழுந்து தொடை எலும்பு உடைஞ்சு, ரெண்டு தடவை ஆபரேஷன். வீல்சேர்லதான் உட்கார்ந்திருக்காங்க. சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க."

பத்து காவான் ஊரில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து மார்ச் மாதம் ஜொகூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, பேரீச்சம்பழப் பெட்டியோடு உங்களைப் பார்க்க வந்தாளே, அன்று வாங்கிய சத்தியம். பெருநாள் வரை பிள்ளை அதைச் சுமந்திருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"அப்ப ஏரி?" என்று கேட்டேன்.

"எந்த ஏரி? தூர் வார்றதுக்காக நவம்பர் கடைசியிலேயே தண்ணியை எடுத்துட்டு, சுத்தித் தகரம் அடிச்சு மூடிட்டாங்களாம். உள்ள சேறுதான் கிடக்கு அத்தா."

உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் அதே அல்லி, அதே கல், அதே உடும்பு. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ருசி பார்த்ததை நான் எழுதாமல் விட்டபோது என்னைக் கையும் களவுமாகப் பிடித்தீர்கள். நீங்கள் விழுந்ததை எழுதாமல் விட்டீர்கள், நான் கண்டுபிடிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன், லாத்தா. தட்டை ரோஹானா எடுத்துப் போய்விட்டாள்.

நான் வராமல் போனால் நீ போய்விடு என்று சத்தியம் கேட்டீர்கள். அதை நான் எழுதித் தரப்போவதில்லை.

ஹஜ் அலுவலகக் கவுண்டருக்குப் போய் விசாரித்தேன். உங்கள் டாக்டர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், நாற்காலியைத் தள்ளுவதற்குத் தெம்புள்ள துணை ஒருவர் உடன் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் சொன்னார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். பார்க்கட்டும்.

கடையில் மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டி இருக்கிறதல்லவா? அதில் பத்து கிலோ அரிசி மூட்டை ஆறு ஏற்றினேன். மேலே ஒரு கிலோ சீனிப் பொட்டலம். மொத்தம் அறுபத்தொன்று; நீங்கள்தான். சீனியை நான் தொடவில்லை, தள்ள மட்டும்தான் செய்கிறேன்.

சுபுஹு தொழுதுவிட்டுக் கடையிலிருந்து எஸ்பிளனேட் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஹஜ்ஜில் ஏழு முறை சுற்றுவது போலவே, திடலை இடப்பக்கமாக வைத்துச் சுற்றுகிறேன். முதல் நாள் இரண்டு சுற்றில் நாக்குத் தள்ளிவிட்டது. வண்டியின் முன்சக்கரம் ஒன்று கடற்கரைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். உடற்பயிற்சி செய்யும் சீன அம்மாக்கள் "அங்கிள், ஜுவால் பெராஸ் கா?" என்று கேட்கிறார்கள், அரிசி விற்கிறாயா என்று. "இல்லை, இது என் அக்கா," என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இப்போது நான் ஒரு சுற்று முடித்தால் விரலைத் தூக்கி எண்ணிக்கை காட்டுகிறார்கள்.

இன்று பத்தாவது நாள். ஏழு சுற்று முடித்தேன், லாத்தா. ஏழாவது சுற்றில் வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மூச்சு இருந்தது.

ருசி பார்ப்பது மறுபடி தேக்கரண்டியில்தான். இந்த முறை டாக்டருக்காக இல்லை. அங்கே போய்த் திரும்பி வந்த பிறகும் தேக்கரண்டிதான். உங்கள் நாற்காலியைத் தள்ளும் வேலை மே மாதத்தோடு முடிகிற வேலை இல்லையே.

டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். இது தம்பி அக்காவுக்குச் சொல்லும் உத்தரவு, முதல் முறையாக.

உங்கள்,
கனி


ஜொகூர் பாரு
11 ஏப்ரல் 2026

என் கனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமில்லை, கனி. ஐந்து மாதமாகச் சுகமில்லை. வலி இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. இதை எழுதும்போதே பாதி குறைந்த மாதிரி இருக்கிறது.

விழுந்த அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து, கவலையில் மூன்று வேளையும் சோறாகத் தின்பாய். ஜனவரி போய்விடும். என்னால் உன் இடமும் போக வேண்டாம் என்று ஹைதரின் வாயையும் அடைத்தேன். அவனை மன்னித்துவிடு. நாற்காலியில் நான் வருகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளினிக் படியில் பாதியில் நின்றவனிடம் என்னையும் தள்ளு என்று எப்படிக் கேட்பேன்?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். அவர் மலாய்க்காரர். "யார் தள்ளப் போகிறார்?" என்று கேட்டார். ஹைதர் நீ எழுதியதை மலாயில் வரி வரியாகப் படித்துக் காட்டினான். அரிசி மூட்டை வந்ததும் டாக்டர் சிரித்தார். இது என் அக்கா என்று நீ சொன்ன இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு பேனாவை எடுத்தார். கடிதத்தின் நகல் இதனுடன் இருக்கிறது, கவுண்டரில் கொடு.

அந்த டாக்டர் தினமும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். நேற்று நடை பழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தேன். பதினொரு அடி. அல்லி இல்லை, உடும்பு இல்லை, ஹைதரின் செருப்பு மட்டும் கிடந்தது. உண்மையை மட்டும் எழுதுகிறேன்.

ஆகவே இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். டாக்டர் என் எடையையும் பார்த்தார். ஐந்து மாதம் படுத்தும் உட்கார்ந்தும் இருந்ததில் நான் இப்போது அறுபத்தொன்று இல்லை. எழுபது.

சீனிப் பொட்டலத்தை இறக்கிவிட்டு ஏழாவது மூட்டையையும் ஏற்று, தம்பி. நான் வருகிறேன்.

உன் லாத்தா,
ஹாஜரா